கடல் கடக்கக் கேட்ட காகிதங்கள்

நமது ஆலயத்தின் முதல் திருமணப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். மணமக்கள் ஞானஸ்நானம் பெற்ற இடம் என்ற கட்டத்தில் அட்டன், பொகவந்தலாவை, பதுளை, மாத்தளை, நாவலப்பிட்டி என்று வரிசையாக இலங்கை மலைநாட்டு ஊர்களின் பெயர்களே காணப்படுகின்றன. கோத்தகிரி, கூடலூர் என்ற பெயர்கள் பல பக்கங்கள் தாண்டிய பிறகே தலைகாட்டுகின்றன. நீலகிரி மலையில் இருக்கும் ஒரு பங்கின் முதல் புத்தகம் இவ்வாறு தொடங்குவானேன் என்று நம் இளைஞர்கள் கேட்கிறார்கள். பொன்விழா மலருக்குப் பங்கின் வரலாற்றை எழுத வேண்டும் என்று பங்குத்தந்தை அவர்கள் கேட்டுக்கொண்டபோது, ஆலயம் எழும்பிய கதையைச் சொல்வதற்கு முன் இந்தக் கேள்விக்கே பதில் எழுதுவோம் என்று எண்ணினோம். கல்லும் மண்ணும் சுமந்த கதையை இம்மலரில் வேறொருவர் எழுதுகிறார். அண்டை நாட்டில் நிலையாகக் குடியேறவும், பிறகு அங்கிருந்து இங்கே வந்து குடியேறவும் நம் முன்னோரிடம் என்னென்ன கேட்கப்பட்டன என்பதை மட்டும் நாம் இங்கே சொல்ல முற்படுகிறோம்.

அந்தக் கடலை அனுமதியின்றிக் கடந்தவர்களில் நாம் பீடத்தில் வைத்து வணங்கும் ஒருவரும் உண்டு. கோவாவில் பிறந்த புனித சூசை வாஸ் அடிகளார் 1687இல் தூத்துக்குடியிலிருந்து யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தார். அப்போது கரையோரம் ஒல்லாந்தர் வசம் இருந்தது. கத்தோலிக்கக் குருக்கள் நுழையக் கூடாது என்பது அவர்களுடைய கட்டளை. ஆகவே அடிகளார் கூலியாளின் கோலத்தில் கரையேறினார். பின்னர் 1692இல் கண்டிக்குப் போனபோது போர்த்துக்கீசரின் ஒற்றர் என்று சந்தேகித்துச் சிறையிலிட்டார்கள். 1711இல் கண்டியிலேயே உயிர் நீத்தார். சொந்த ஊருக்குத் திரும்பவே இல்லை. 2015ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் தேதி கொழும்பில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார். நம்மவர்கள் கூலியாட்களாகவே போனவர்கள்; அவர் கூலியாளின் வேடத்தில் போனவர். அந்த உறவு நமக்கு அவரிடம் உண்டு.

நம் முன்னோரின் கதை 1820களில் தொடங்குகிறது. கம்பளைக்கு அருகே ஆங்கிலேயர் காப்பித் தோட்டம் போட்டார்கள். ஆட்கள் தேவைப்பட்டார்கள். திருச்சி, புதுக்கோட்டை, இராமநாதபுரம், மதுரை, சேலம், திருநெல்வேலிப் பகுதிகளிலிருந்து பஞ்சமும் கடனும் துரத்தக் கூட்டங்கூட்டமாக ஜனங்கள் புறப்பட்டார்கள். இராமேசுவரக் கரையிலிருந்து தோணியில் மன்னாருக்குப் போய், அங்கிருந்து காட்டு வழியே மதவாச்சி, தம்புள்ளை, மாத்தளை என்று கால்நடையாகவே மலை ஏறினார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் அனேகர். அவர்களுக்குக் கல்லறையும் இல்லை, கணக்கும் இல்லை. அந்த நாளில் அண்டை நாட்டில் குடியேற என்ன காகிதம் வேண்டும் என்று கேட்டால், ஒன்றுமே வேண்டியதில்லை என்பதுதான் பதில். நடக்கக் காலும் உழைக்கக் கையும் இருந்தால் போதும். இரு கரைகளுக்கும் ஒரே பேரரசு எஜமானன். அவனுக்கு ஆள் வேண்டியிருந்தது.

ஆனால் காகிதம் இல்லாத காலமென்று முற்றிலும் சொல்லிவிடவும் முடியாது. உள்ளே போகக் காகிதம் வேண்டாம். ஒரு தோட்டத்தைவிட்டு வெளியேறத்தான் காகிதம் வேண்டும். ஊரில் ஆள் கட்டிய கங்காணி வழிச்செலவுக்கும் சாப்பாட்டுக்கும் கொடுத்த பணம் தொழிலாளியின் பெயரில் கடனாக ஏறிவிடும். அந்தக் கடன் தீர்ந்ததென்றோ, அதைத் தீர்த்தால் ஆளை விடலாமென்றோ எழுதிய சீட்டுக்குத் ‘துண்டு’ என்று பெயர். துண்டு இல்லாதவனை வேறு தோட்டத்தில் சேர்க்கமாட்டார்கள். இன்றும் நம் வீடுகளில் பெரியவர்கள் ‘துண்டு விழுந்தது’ என்று சொல்லும்போது அந்தச் சீட்டின் நினைவுதானோ என்று நமக்குத் தோன்றுவதுண்டு. மொழியறிஞர்கள் வேறு விதமாகச் சொல்லக்கூடும். துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

1867இல் ஜேம்ஸ் டெயிலர் என்ற துரை லூல்கந்துரைத் தோட்டத்தில் தேயிலை பயிரிட்டார். இரண்டே ஆண்டில் காப்பியில் இலைநோய் கண்டது. காப்பி அழிந்து தேயிலை வந்ததும் நம்மவர் வாழ்க்கை மாறிவிட்டது. காப்பிக்குப் பழம் பறிக்கும் காலத்தில் மட்டும் ஆள் போதும். தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்து எடுக்க வேண்டும். ஆகவே பெண்களும் பிள்ளைகளும் போனார்கள். லயங்களில் தொட்டில் கட்டினார்கள். போய்வந்த ஜனங்கள் குடியிருந்த ஜனங்களானது அப்போதுதான். இதை நாம் நன்றாக மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏனெனில் பிற்காலத்தில் அரசியல்வாதிகள் ‘வந்து போகிறவர்கள்’ என்று நம்மவரைக் குறிப்பிட்டபோது, அது ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முந்திய கதையாகிவிட்டிருந்தது.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டத்தின் எண் பொறித்த தகர வில்லையைத் தொழிலாளிகளின் கழுத்தில் கட்டி அனுப்பினார்கள். படிக்கத் தெரியாதவனுக்கு அதுவே பாஸ்போர்ட். தூத்துக்குடி வழியாகப் போனவர்களைத் தட்டப்பாறையிலும், தனுஷ்கோடி வழியாகப் போனவர்களை மண்டபத்திலும் இலங்கை அரசாங்கம் நடத்திய முகாம்களில் நிறுத்தி, நோய் இருக்கிறதா என்று சில நாள் பார்த்து, அம்மைப்பால் குத்தி, துணிகளை மருந்துநீரில் நனைத்து அனுப்பினார்கள். 1914இல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி – தலைமன்னார் கப்பலும் வந்தபின் நடைப்பயணம் ஒழிந்தது. 1922இல் இந்திய அரசாங்கம் குடிபெயர்வுச் சட்டம் கொண்டுவந்தது. மறு ஆண்டு கண்டியில் இந்திய அரசின் ஏஜெண்டு ஒருவர் அமர்ந்தார். 1939 ஆகஸ்டு முதல் தேதியிலிருந்து தோட்ட வேலைக்கு ஆட்கள் புதிதாகப் போவதை இந்தியாவே தடை செய்துவிட்டது. ஆக, அதற்குப் பிறகு மலைநாட்டில் பிறந்த குழந்தைகளெல்லாம் வந்தவர்களின் பிள்ளைகளேயன்றி வந்தவர்கள் அல்லர்.

1948 பிப்ரவரி 4ஆம் தேதி இலங்கை சுதந்திரமடைந்தது. அதற்கு முந்திய ஆண்டுத் தேர்தலில் மலைநாட்டு மக்கள் வாக்களித்து, இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியிருந்தார்கள். அந்த வாக்குகள் பிறர் கண்ணை உறுத்தின. அதே ஆண்டு நவம்பரில் பிரஜாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் போதாது. தகப்பனாரும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், அல்லது பாட்டனாரும் முப்பாட்டனாரும் அங்கே பிறந்திருக்க வேண்டும் என்று அது சொல்லியது. சட்டத்தின் வாசகம் எல்லோருக்கும் பொதுவானதுதான். ஆனால் கொழும்பிலோ காலியிலோ வாழ்ந்தவரிடம் முப்பாட்டனார் எங்கே பிறந்தார் என்று எவரும் கேட்கவில்லை. லயத்தில் வாழ்ந்தவரிடமே கேட்டார்கள். பிறப்பைப் பதிந்து சீட்டு வாங்கும் வழக்கமே இல்லாத லயத்தில், தகப்பனார் பிறப்புக்கு எழுத்துச் சாட்சிக்கு எங்கே போவது?

1949இல் இந்திய, பாகிஸ்தானியக் குடியிருப்பாளருக்கென்று தனிச் சட்டம் வந்தது. நிலையாகக் குடியேற விரும்புவோர் நிறைவேற்ற வேண்டிய நிபந்தனைகள் அதில்தான் எழுதப்பட்டிருந்தன. 1946 ஜனவரி முதல் தேதிக்கு முன், மணமாகாதவர் பத்து ஆண்டும் மணமானவர் ஏழு ஆண்டும் இடைவிடாமல் இலங்கையில் வாழ்ந்திருக்க வேண்டும். அதன் பின்னரும் மனுச் செய்யும் நாள்வரை வாழ்ந்திருக்க வேண்டும். ஒரே தடவையில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வெளியே தங்கியிருக்கக் கூடாது. மனைவியும் வயது வராத பிள்ளைகளும் அங்கேயே வசித்திருக்க வேண்டும். நிலையான வருமானம் வேண்டும். இரண்டு ஆண்டுக்குள், அதாவது 1951 ஆகஸ்டுக்குள், மனுப் போட்டுவிட வேண்டும்.

கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும். ஆனால் லயத்து வாழ்க்கையை அறிந்தவர்களுக்கு அதன் கொடுமை விளங்கும். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்த பெண் உடம்பு தேறி மாமன் வீட்டுக் கலியாணமும் முடித்துத் திரும்பினால் ஓர் ஆண்டு கடந்துவிடும். காணிக்கை நேர்ந்து வேளாங்கண்ணிக்கு வந்தவர் ஊரில் தாயார் படுத்துவிட்டால் விட்டுவிட்டுப் போவாரா? இடைவிடாமல் வாழ்ந்ததற்குத் தோட்டத்துச் செக்ரோல் புத்தகத்தில் பெயர் இருக்க வேண்டும். செக்ரோலில் ஒரு பெயர், பெரட்டுக் களத்தில் கூப்பிடும் பெயர் வேறு, கோயிலில் வைத்த புனிதர் பெயர் மூன்றாவது. ‘செபஸ்தியான்’ என்பவர் ‘பஸ்தியான்’ என்றும் ‘சேபத்தி’ என்றும் எழுதப்பட்டு, மூன்று ஆளாகப் பிரிந்துபோனார் என்று நம் பங்கிலேயே வேடிக்கையாகச் சொல்வார்கள். சொல்பவர்கள் சிரிப்பார்கள், அந்தக் குடும்பத்தார் சிரித்து நாம் பார்த்ததில்லை.

இலங்கை இந்தியக் காங்கிரஸ் முதலில் இந்தச் சட்டத்தைப் புறக்கணிக்கச் சொல்லியது. கடைசி மாதங்களில்தான் மனுப் போடச் சொல்லியது. அது பெரும் பிழை என்பது நமது தாழ்மையான அபிப்பிராயம். அவசரத்தில் எழுதிய மனுக்களில் பிழைகள் மலிந்தன. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்காக மனுக்கள் போடப்பட்டும், பத்துப் பன்னிரண்டு ஆண்டு விசாரணைக்குப் பின் பிரஜாவுரிமை கிடைத்தது ஏறக்குறைய 1,34,000 பேருக்குத்தான். வாக்குரிமையோ 1949இலேயே போயிற்று.

இதே வேளையில் இந்தியா என்ன கேட்டது? நம் அரசியலமைப்புச் சட்டத்தின் 8ஆம் பிரிவு, வெளிநாட்டில் வாழும் ஒருவர் தாமோ, பெற்றோரில் ஒருவரோ, பாட்டன் பாட்டிமாரில் ஒருவரோ பிரிவினைக்கு முந்திய இந்தியாவில் பிறந்திருந்தால், இந்தியத் தூதரகத்தில் பதிந்து குடிமகனாகலாம் என்றது. ஒரு நாடு முப்பாட்டனார் இங்கே பிறந்தாரா என்று கேட்டது. மறு நாடு பாட்டனார் அங்கே பிறந்தாரா என்று கேட்டது. நடுவில் நின்றவனுக்கு எந்தப் பாட்டனாருடைய சீட்டும் கையில் இல்லை. பெயர் எழுதிக்கொள்ளத் தன் முன்னோர் ஊருக்குப் போன சூசையப்பருக்காவது அது பெத்லகேம் என்பது ஐயமறத் தெரிந்திருந்தது.

1964 அக்டோபர் 30ஆம் தேதி டில்லியில் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் திருமதி சிறிமாவோ பண்டாரநாயக்காவும் கையெழுத்திட்டார்கள். நாடற்றவர்கள் 9,75,000 பேர் என்று கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேரை இலங்கை ஏற்பதென்றும், மீதி 1,50,000 பேரைப் பின்னால் பார்த்துக்கொள்வதென்றும் முடிவாயிற்று. பதினைந்து ஆண்டில் எல்லாம் நிறைவேற வேண்டும். 1974 ஜனவரியில் திருமதி இந்திரா காந்தியும் திருமதி பண்டாரநாயக்காவும் அந்த மீதியை ஆளுக்கு 75,000 என்று பங்கிட்டுக்கொண்டார்கள். சந்தையில் ஆடு மாடு பிரிப்பதுபோல் என்று நம் பெரியவர்கள் கோபமாகச் சொல்வதை நாம் மறுக்கமாட்டோம். ஏனெனில் பிரிக்கப்பட்டவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒப்பந்தம் ஆன இரண்டாம் மாதமே, டிசம்பர் 22ஆம் தேதி இரவு, புயலில் தனுஷ்கோடி அழிந்தது. நம்மவர் வந்திறங்க வேண்டிய துறையே இல்லாமற்போயிற்று. பிறகு கப்பல் இராமேசுவரத்துக்கு வந்தது.

மனுக்கள் கேட்டபோது கணக்கு நேர்மாறாக வந்தது. இந்தியாவுக்கு ஏறத்தாழ நான்கு இலட்சம் பேர்; இலங்கையிலேயே இருக்க விரும்பியவர்கள் ஏறத்தாழ ஏழு இலட்சம் பேர். தேயிலைச் செடியோடு வளர்ந்தவர்கள் அந்த மண்ணைவிட்டு வர விரும்பவில்லை என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டியதில்லை. ஆனால் 1973, 74ஆம் ஆண்டுகளில் மலைநாட்டில் உணவுத் தட்டுப்பாடு வந்து தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நேர்ந்தன. தோட்டங்களை அரசு எடுத்துக்கொண்டபோது பல இடங்களில் வேலையும் லயமும் பறிபோயின. அப்போதுதான் பலர் கப்பலேறத் துணிந்தார்கள். அந்தக் காலத்தில் மலைநாட்டு மக்களுக்காகக் குரல் கொடுத்தவர்களில் ஆயர் லியோ நாணயக்கார ஆண்டகையையும், 1972இல் கண்டியில் ‘சத்தியோதய’ நிலையத்தைத் தொடங்கிய இயேசு சபைக் குரு பால் கஸ்பர்ஸ் அடிகளாரையும் நன்றியுடன் நினைவுகூர வேண்டும். இருவருமே தமிழர் அல்லர் என்பதையும் சேர்த்துச் சொல்கிறோம்.

வர முடிவு செய்தவர் முதலில் கண்டியிலிருந்த இந்திய உதவித் தூதரகத்தில் மனுப்போட்டுப் பாஸ்போர்ட் பெற வேண்டும். ஒரு குடும்பத்துக்குப் பெரும்பாலும் ஒரே படம். நடுவில் தகப்பனார், சுற்றிலும் பிள்ளைகள். பிறகு குடும்ப அட்டை. இந்தியாவில் எந்த மாவட்டத்துக்கு, எந்தப் பிழைப்புக்கு என்று அந்த அட்டையிலேயே எழுதிவிடுவார்கள். தேயிலைத் தோட்டமா, நூற்பாலையா, வியாபாரக் கடனா என்பதை, கடலுக்கு அப்பால் ஒரு மேசையின் முன் நின்றபடி தீர்மானிக்க வேண்டியிருந்தது. பின்னர் சேமலாப நிதியும் உபகாரப் பணமும் கணக்கு முடிக்க வேண்டும். ஒரு குடும்பம் கொண்டுபோகக்கூடிய சொத்தின் உச்சவரம்பை 4,000 ரூபாய்க்குக் கீழே குறைப்பதில்லை என்பது ஒப்பந்தத்தின் வாசகம். இரண்டு தலைமுறை உழைப்புக்கு அதுவே அளவுகோலாயிற்று.

அண்ணனுக்கு ஒரு நாடும் தம்பிக்கு ஒரு நாடும் கிடைத்த வீடுகள் பல. மகனுக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்து தாயாருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை வந்த வீடும் நம் பங்கில் உண்டு. அந்தத் தாயார் மகனை வழியனுப்ப வந்தவர், கோச்சி நகர்ந்தபிறகும் சன்னல் கம்பியை விடவில்லையாம். மலைநாட்டில் இரயிலுக்குக் கோச்சி என்று பெயர். தலைமன்னார்ப் பாதையில் மடு ரோடு நிலையம் வந்ததும் கத்தோலிக்கர் வேதக்காரர் என்ற பேதமின்றி, பெட்டி முழுவதும் எழுந்து நின்று மடுமாதாவை நோக்கிக் கைகூப்பியதை நம் மூத்தோர் பலமுறை சொல்லக் கேட்டிருக்கிறோம். அங்கிருந்து ‘இராமானுஜம்’ கப்பல். இராமேசுவரத்தில் சுங்கம். மண்டபத்தில் முகாம். பாட்டனார் போகும்போது நிறுத்திவைக்கப்பட்ட அதே மண்டபத்தில், பேரன் திரும்பும்போதும் நிறுத்திவைக்கப்பட்டான்.

நாலரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இவ்வாறு வந்தார்கள். வியாபாரக் கடன் பெற்றுச் சமவெளிக்குப் போனவர்கள் பெரும்பாலும் நொடித்தார்கள். கொழுந்து எடுக்கத் தெரிந்தவளைப் பெட்டிக்கடையில் உட்காரவைத்தால் என்ன ஆகும்? கடன் கரைந்ததும் குளிரைத் தேடி இம்மலைக்கே நடந்தார்கள். அரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் திட்டம், நாம் ‘டான்டீ’ என்றழைக்கும் கழகமாக வளர்ந்து, கூடலூர், பந்தலூர், கோத்தகிரி, குன்னூர், வால்பாறைப் பக்கங்களில் வேலை தந்தது. அங்கே இடம் கிடைக்காதவர்கள் தனியார் தோட்டங்களிலும் காய்கறித் தோட்டங்களிலும் கூலிக்கு நின்றார்கள். இங்கே அவர்களுக்கு ‘சிலோன்காரர்’ என்று பெயர். அங்கே ‘இந்தியாக்காரர்’, ‘கள்ளத்தோணி’ என்று கேட்டுப் பழகிய காதுகளுக்கு இது பெரிதாகப் படவில்லை என்று ஒரு பாட்டி சொன்னார்.

1981 அக்டோபருடன் ஒப்பந்தக் காலம் முடிந்தது. 1984இல் கப்பலும் நின்றது. இந்தியப் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு கப்பலுக்குக் காத்திருந்தவர்கள் அக்கரையிலேயே தங்கிவிட்டார்கள். அவர்களுக்கும், நாடற்றவராகவே எஞ்சியிருந்தவர்களுக்கும் வழி திறந்தது 1988ஆம் ஆண்டுச் சட்டத்தாலும், அதற்குப் பின் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தாலும்தான். 1964 அக்டோபர் முதல் இலங்கையில் நிலையாக வசித்தவருக்கும் அவர் வழியினருக்கும் பிரஜாவுரிமை என்று 2003இல் சொல்லிவிட்டார்கள், முப்பாட்டனாரைத் தேடவில்லை. ஐம்பத்தைந்து ஆண்டு கழித்து அந்தக் கேள்வி கைவிடப்பட்டது.

இன்னும் ஒரு கூட்டம் உண்டு. 1983 கலவரத்திற்குப் பின் மலைநாட்டிலிருந்து வவுனியாப் பக்கம் போய், அங்கிருந்து படகில் தப்பி இக்கரை சேர்ந்தவர்கள். அவர்கள் பாட்டனாரும் நம் பாட்டனாரும் ஒரே ஊரிலிருந்து போனவர்களாயிருக்கலாம். ஆனால் நாம் பாஸ்போர்ட்டுடன் கப்பலில் வந்ததால் தாயகம் திரும்பியவர். அவர்கள் காகிதமின்றிப் படகில் வந்ததால் அகதிகள். முகாமில் பிறந்த அவர்களுடைய பிள்ளைகளுக்கும் அதே பெயர்தான். 2019 ஜூன் மாதத்தில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இத்தகையவர்கள் சிலர் தொடுத்த வழக்கில், அவர்களுடைய குடியுரிமை மனுக்களைப் பரிசீலிக்குமாறு மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. நம் பங்கின் பல குடும்பங்களுக்கு அந்த முகாம்களில் சொந்தங்கள் உண்டு என்பது நமக்குத் தெரியும்.

மீண்டும் திருமணப் பதிவேட்டுக்கு வருவோம். கத்தோலிக்கத் திருமணத்துக்கு ஞானஸ்நானச் சான்று வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். ஆரம்ப ஆண்டுகளில் நம் குருவானவர் ஒவ்வொரு திருமணத்துக்கும் அட்டனுக்கும் பதுளைக்கும் கடிதம் எழுதி வரவழைத்தார். கலவரக் காலத்தில் கடிதங்களுக்குப் பதில் வரவில்லை. ஒரு பெண்ணின் திருமணம் சான்று இல்லாமல் இரு முறை தள்ளிப்போயிற்று. பெண்ணின் தகப்பனார், இதற்கும் முப்பாட்டனார் சீட்டு கேட்பீர்களா சுவாமி என்று மனம் நொந்து கேட்டாராம். குருவானவர் சட்டப் புத்தகத்தைத் திறந்து, பிறருக்கு இடையூறு இல்லாதபோது ஞானஸ்நானத்தை மெய்ப்பிக்க நம்பத்தகுந்த ஒரே சாட்சி போதும் என்ற விதியை அவருக்கு வாசித்துக் காட்டினார். பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த ஞானத்தாயை அழைத்து வந்தார்கள். அவர் கூடையை வாசலில் இறக்கிவைத்து, கையைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்து, ‘இந்தப் பிள்ளையை நான்தான் கையில ஏந்தினேன்’ என்றார். ஞானஸ்நானம் பெற்ற இடம் என்ற கட்டத்தில் பொகவந்தலாவை என்றும், சான்று என்ற இடத்தில் ஞானத்தாயின் வாய்மொழி என்றும் எழுதியிருக்கிறது. கீழே அந்த அம்மையாரின் பெருவிரல் ரேகை இன்னும் மங்காமல் இருக்கிறது.